எது முதலில்? நடுத்தர நாடு ஒன்றின் வெளியுறவு வரிசை: இலங்கை நமக்குச் சொல்லும் பாடம்

வெளியுறவுக் கொள்கை என்றால் டெல்லியிலும் வாஷிங்டனிலும் கோட் அணிந்தவர்கள் பேசிக்கொள்ளும் விஷயம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெம்பாக்கத்திலும் ஆரணியிலும் தறியில் உட்காருபவரிடம் கேட்டால் வேறு பதில் வரும். உலகிலேயே அதிகம் பட்டு உற்பத்தி செய்யும் நாடு சீனா. அடுத்தது இந்தியா. ஆனால் நம் நாட்டில் விளைவது நம் தறிகளுக்கே போதாது. அதனால் சீனப் பட்டு நூலுக்கு டெல்லி என்ன வரி போடுகிறது என்பது தறிக்காரரின் கூலியைத் தொடுகிற கேள்வி. 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2013இல் 15 ஆனது. இடையில் 10க்கு இறங்கி, 2021இல் மறுபடி 15க்கு ஏறியது. வரி குறைந்தால் நெசவாளருக்கு நூல் மலிவு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பட்டுக்கூடு வளர்க்கும் விவசாயிக்கு நஷ்டம். வரி கூடினால் விவசாயிக்கு மூச்சு, நெசவாளருக்கு நெருக்கடி. யாரை முதலில் காப்பது என்று ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

வெளியுறவுக் கொள்கையின் சாரமும் இதுதான். நமக்கு யார் நண்பர், யார் பகைவர் என்ற பட்டியல் அதில் இரண்டாவதாக வருவது. நமக்கு எது முதலில் வேண்டும், அதற்காக எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதே முதலில் வருவது.

இந்தியா பெரிய நாடு. ஒரு கணக்கு தப்பினாலும் தாங்கிக்கொள்ளும். நடுத்தர நாட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு முடிவு தவறினால் அடுத்த மாதம் பெட்ரோல் பங்க்கில் வரிசை நிற்கும். அத்தகைய நாடு தன் முன்னுரிமைகளை எப்படி வகுக்கிறது, எங்கே வெல்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்க்க, நமக்கு மிக அருகில் பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கும் இலங்கையை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. அங்கே வாழும் தமிழரும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் நமக்கு மொழியால், உறவால், வியாபாரத்தால் பிணைந்தவர்கள். அந்த நாட்டின் வெளியுறவு முடிவுகள் அவர்களின் வீட்டுக்குள் எப்படி நுழைந்தன என்பதையும் இக்கட்டுரையில் சேர்த்தே பார்ப்போம்.

நடுத்தர நாடு என்றால் எது?

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. மக்கள் தொகை சுமார் 2.2 கோடி. ஐ.நா.வில் இருக்கும் 193 நாடுகளை மக்கள் தொகைப்படி வரிசைப்படுத்தினால் ஏறத்தாழ அறுபதாவது இடத்தில் வரும். 'சின்னத் தீவு' என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், உலகக் கணக்கில் அது நடுத்தர நாடு.

அதன் நிலையைத் தீர்மானிப்பவை மூன்று. முதலாவது, வடக்கே 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 140 கோடி மக்களைக் கொண்ட ஓர் அண்டை நாடு. இரண்டாவது, தெற்கு முனைக்குச் சற்று அப்பால் உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று. வளைகுடாவின் எண்ணெய் கிழக்காசியாவுக்குப் போவதும் கிழக்காசியாவின் சரக்கு ஐரோப்பாவுக்குப் போவதும் இந்த வழியில்தான். மூன்றாவது, அரிசி, எண்ணெய், மருந்து, கோதுமை என்று வெளியிலிருந்து வாங்க வேண்டியவை பல இருக்க, விற்க இருப்பவை சில. முன்பு தேயிலை, ரப்பர், தேங்காய். இன்று ஆடை, தேயிலை, சுற்றுலா, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம்.

இப்படிப்பட்ட நாட்டுக்கு எல்லா ஊரிலும் தூதரகம் வைக்கவோ, எல்லாப் பிரச்சினையிலும் கருத்துச் சொல்லவோ ஆளும் பணமும் போதாது. எதில் குரல் கொடுப்பது, எதில் மௌனம் காப்பது, எதில் யார் கோபித்தாலும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வின் கதையே கீழே வருகிறது.

1952: அரிசிப் பானைக்கு முதலிடம்

1948 பிப்ரவரி 4இல் சுதந்திரம் பெற்றபோது இலங்கையின் கொள்கை முழுக்க மேற்குலகின் பக்கம் இருந்தது. பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தது; திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரிட்டிஷ் தளங்கள் இருந்தன. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி வெளிப்படையான கம்யூனிச எதிர்ப்புக் கட்சி.

அப்போது கொரியப் போர் வந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. தொடக்கத்தில் உச்சிக்குப் போன ரப்பர் விலை பிறகு சரிந்தது. வாங்கும் பொருள் ஏற, விற்கும் பொருள் இறங்க, கொழும்பில் அரிசிக்கே தட்டுப்பாடு. மலிவு விலையில் அரிசியும் நியாய விலையில் ரப்பர் கொள்முதலும் வேண்டும் என்று அமெரிக்காவிடம் கேட்டும் பயன் கிட்டவில்லை. அந்நேரம் சீனாவிடம் அரிசி இருந்தது. அதற்கு ரப்பர் தேவைப்பட்டது. ஆனால் சீனாவுக்குப் போர்முக்கியத்துவப் பொருள்களை விற்கக் கூடாது என்று 1951 மே மாதம் ஐ.நா. தடை விதித்திருந்தது. ரப்பர் அந்தப் பட்டியலில் இருந்தது.

கம்யூனிச எதிர்ப்பு அரசு என்ன செய்தது? வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கவை பெய்ஜிங்குக்கு அனுப்பியது. 1952 டிசம்பர் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2,70,000 டன் அரிசி வரும். பதிலுக்கு 50,000 டன் ரப்பர் போகும். ரப்பருக்குச் சந்தையை விட அதிக விலை; அரிசிக்குச் சந்தையை விடக் குறைந்த விலை. சோவியத் யூனியனின் வீட்டோவால் இலங்கைக்கு அதுவரை ஐ.நா. உறுப்புரிமை கிடைத்திருக்கவில்லை. அதனால் தடைத் தீர்மானம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கொழும்பு வாதிட முடிந்தது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. இலங்கை பொறுத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை, முப்பது ஆண்டுகள் நீடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றைய பிரதமர் டட்லி சேனநாயக்க கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை, கம்யூனிசத்தைப் புகழவுமில்லை. சீனாவுடன் முழுத் தூதரக உறவே 1957இல்தான் ஏற்பட்டது. மக்களின் சோறு முதலில், அமெரிக்க உதவி அதற்குப் பிறகு என்று வரிசையை மட்டும் தெளிவாக வைத்தார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே, 1953இல், அதே அரசு அரிசி மானியத்தை வெட்டியது. ஓர் அளவு ரேஷன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்டில் நாடே ஹர்த்தாலில் நின்றது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். வெளியே எவ்வளவு நல்ல பேரம் பேசினாலும், உள்நாட்டில் மக்களைக் கைவிட்ட அரசை அது காப்பாற்றாது.

அணிசேராமை: பேச்சே முதலீடு

படை இல்லாத, பணம் இல்லாத நாட்டுக்கு வேறு என்ன பலம் இருக்கிறது? எல்லாத் தரப்பும் நம்பிப் பேசக்கூடிய இடமாக இருப்பது ஒரு பலம். 1950களிலிருந்து கால் நூற்றாண்டு காலம் இலங்கை இந்தப் பலத்தை வளர்த்தது.

1954இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்களை கொழும்பு ஒன்றுகூட்டியது. அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சிதான் 1955 ஏப்ரலில் 29 நாடுகள் கலந்துகொண்ட பாண்டுங் மாநாடு. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, பிரிட்டிஷ் தளங்களை 1957இல் திரும்பப் பெற்றார். மாஸ்கோவுடனும் பெய்ஜிங்குடனும் தூதரக உறவு தொடங்கினார். 1962இல் இந்தியாவும் சீனாவும் போரிட்டபோது, சிறிமாவோ பண்டாரநாயக்க எகிப்து, கானா, இந்தோனேசியா, பர்மா, கம்போடியா ஆகிய நாடுகளை கொழும்பில் கூட்டிச் சமரச யோசனைகளை உருவாக்கி, தாமே பெய்ஜிங்குக்கும் டெல்லிக்கும் எடுத்துச் சென்றார். சமரசம் முழுமையாகக் கைகூடவில்லை. ஆனால் இரண்டு பெரிய அண்டை நாடுகளும் பகைத்துக்கொள்ளாத ஒரு நாடாக இலங்கை நிலைத்தது.

இதற்கும் விலை இருந்தது. வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டதும் இழப்பீட்டுத் தகராறில் 1963 பிப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965 தேர்தலில் சிறிமாவோ தோற்றார்.

பலனும் இருந்தது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. இளைஞர்களின் கிளர்ச்சி அரசையே கவிழ்க்கும் நிலைக்கு வந்தபோது, இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய நாடுகள் ஒரே நேரத்தில் உதவிக்கு வந்தன. சீனா கடன் கொடுத்தது. ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்த இத்தனை பேரும் ஒரே வாசலில் வந்து நின்றதற்கு இருபது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த நல்லுறவே காரணம்.

அதே 1971 டிசம்பர் 16இல், இலங்கை கொண்டுவந்த யோசனையை ஏற்று, இந்தியப் பெருங்கடலை அமைதி வலயமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. வல்லரசுகள் அதை மதிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கடலைப் பற்றிப் பேச இலங்கைக்கு உரிமை உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது. ஐ.நா.வின் மூன்றாவது கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இலங்கைத் தூதர் ஷெர்லி அமரசிங்க. 1973 முதல் 1980இல் மறையும் வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை ஒரு நாட்டுக்குப் பொருளாதார உரிமை உண்டு என்று 1982இல் உலகம் ஒப்புக்கொண்ட சட்டம் அந்த மேசையில் உருவானதுதான். இலங்கை போன்ற நாடுகள் தம் நிலத்தை விடப் பல மடங்கு பெரிய கடலுக்கு உரிமை பெற்றன. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது.

இந்தப் பொற்காலத்தில் ஒரு கறையும் உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் மலையகத் தமிழரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு அரசுகளுக்கும் அது வெற்றிகரமான ராஜதந்திரம். நீலகிரியில் இன்று வாழும் தாயகம் திரும்பியோரின் குடும்பங்களைக் கேட்டால் அந்த ராஜதந்திரத்தின் விலை தெரியும்.

1977 - 1987: அண்டை வீட்டை மறந்த பத்தாண்டு

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்தார். பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். அதுவரை பிரதமரே கவனித்து வந்த வெளியுறவுத் துறைக்கு முதன்முறையாகத் தனி அமைச்சர் நியமிக்கப்பட்டார். அவர் கண்டி மாவட்டம் அக்குறணைப் பகுதியைச் சேர்ந்த ஏ.சி.எஸ். ஹமீத். தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் 1977 முதல் 1989 வரை ஒரு பௌத்தப் பெரும்பான்மை நாட்டின் வெளியுறவு முகமாக இருந்தார் என்பது நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி.

ஆனால் கொள்கையின் திசையைத் தீர்மானித்தவர் ஜனாதிபதி. அவர் மேற்குலகின் முதலீட்டை முதலிடத்தில் வைத்தார். அதில் தவறில்லை. அண்டை நாடான இந்தியாவை எரிச்சலூட்டுவதால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டதுதான் தவறு. 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர்கள் கொல்லப்பட்டு, லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்து, ஏராளமானோர் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தபோது அது இனி உள்நாட்டுப் பிரச்சினை அல்ல என்றானது. உதவிக்கு வருவார்கள் என்று நம்பிய மேற்குலக நாடுகள் 'டெல்லியுடன் பேசிக்கொள்ளுங்கள்' என்ற நிலைக்கு வந்தன.

முடிவு, 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதனுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவுக்குப் பாதகமாகப் பயன்படுத்த யாருக்கும் தர மாட்டோம், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவுடன் கூட்டாக மேம்படுத்துவோம் என்று இலங்கை உறுதியளித்தது. சமமாக அமர்ந்து பேசி முன்பே கொடுத்திருக்கக்கூடிய உறுதியை, நெருக்கடியில் கொடுக்க நேர்ந்தது. இந்திய அமைதிப்படை வந்து 1990 மார்ச்சில் திரும்பியது. அதனால் தமிழ் மக்கள் பட்ட துயரம் தனிக் கட்டுரைக்கு உரியது.

வளைகுடாவும் பாலஸ்தீனமும்: இரண்டு கணக்குகள்

1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. இன்று தேயிலை ஈட்டுவதை விட அதிக அந்நியச் செலாவணியை ஈட்டித் தருபவர்கள் இவர்கள். 2024இல் வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பிய பணம் 650 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும் பங்கு மேற்காசியாவிலிருந்து வருவது. சிலோன் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்களும் இராக், ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, ஈரான் போன்ற நாடுகளே.

இந்தப் பின்னணியில் பாலஸ்தீனப் பிரச்சினையில் இலங்கையின் நடை கவனிக்கத்தக்கது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இஸ்ரேலின் நடவடிக்கைகளை விசாரிக்க ஐ.நா. 1968இல் அமைத்த சிறப்புக் குழுவில் இலங்கை தொடக்கம் முதலே உறுப்பினர். 1970இல் சிறிமாவோ அரசு இஸ்ரேலுடனான உறவை நிறுத்தியது. 1984இல் உள்நாட்டுப் போருக்கு ராணுவ உதவி தேடிய ஜெயவர்த்தன, கொழும்பின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேல் நலன்களுக்கான பிரிவு ஒன்றைத் திறக்க அனுமதித்தார். முஸ்லிம்கள் கடுமையாக எதிர்த்தனர். 1988இல் இலங்கை பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. 1990இல் பிரேமதாச அந்தப் பிரிவை மூடினார். 2000இல், மறுபடி போர்க்கால நெருக்கடியில், இஸ்ரேலுடன் தூதரக உறவு புதுப்பிக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2023 நவம்பரில், காஸா மீது குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையில், இஸ்ரேலின் பண்ணைகளுக்குத் தொழிலாளர்களை அனுப்ப இலங்கை ஒப்பந்தம் செய்தது. 2024இல் அதே அரசு இஃப்தார் செலவை மிச்சப்படுத்தி காஸா குழந்தைகளுக்கென நிதி திரட்டி பத்து லட்சம் டாலர் கொடுத்தது. கடனில் மூழ்கிய நாட்டுக்கு வேலைவாய்ப்பு தேவைதான். மனிதநேயமும் மெய்யாக இருக்கலாம். ஆனால் இரண்டில் எது முதலில் என்று சொல்லாமல் இரண்டையும் செய்யும் நாட்டின் சொல்லை இரு தரப்புமே முழுதாக நம்பாது.

2020: ஜனாஸாவை எரித்ததன் வெளியுறவு விலை

வெளியுறவு உள்நாட்டில்தான் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தவர்கள் எல்லோருடைய உடலையும் எரித்தே ஆக வேண்டும் என்று கோட்டாபய ராஜபக்ச அரசு விதி போட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. உலகம் முழுக்க அடக்கம் நடந்துகொண்டிருந்தது. நிலத்தடி நீர் கெடும் என்ற வாதத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கவில்லை. டிசம்பரில் பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்தின் வேலியில் எல்லா மதத்தினரும் வந்து வெள்ளைத் துணி கட்டிச் சென்றனர். மாலத்தீவுக்குக் கொண்டுபோய் அடக்கலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. சொந்தக் குடிமக்களுக்கு ஆறடி மண் கொடுக்க மறுத்து, அதை அண்டைத் தீவிடம் கேட்ட அரசு அது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2009 மே மாதம் போர் முடிந்ததும் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு ஆதரவாக 29 வாக்குகள் விழுந்தன, எதிராக 12. அந்த 29இல் இந்தோனேசியா, பஹ்ரைன், செனகல் உள்ளிட்ட முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள் பல இருந்தன. 2021 மார்ச் 23இல் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 22 பேர் ஆதரித்தனர். 11 பேர் எதிர்த்தனர். 14 பேர் வாக்களிக்கவில்லை. விலகி நின்ற 14இல் இந்தோனேசியா, பஹ்ரைன், செனகல் மூன்றுமே இருந்தன. லிபியா, சூடான், மவுரித்தானியாவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஜனாஸா ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு கவலை தெரிவித்துக்கொண்டே இருந்த விஷயம் அது. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போன கையோடு, பிப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி அளிக்கும் வர்த்தமானி வந்தது. ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது.

பத்து மாதம் தன் மக்கள் அழுது கேட்டதைக் கேட்காத அரசு, ஜெனீவா வாக்கு தேவைப்பட்டதும் கேட்டது. காலம் கடந்ததால் அந்த வாக்குகளும் வரவில்லை. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. எரிந்த உடல்கள் திரும்பவில்லை.

2022: கஜானா காலியானால் கொள்கையும் காலி

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர முடியாது என்று இலங்கை அறிவித்தது. எண்ணெய் வாங்க டாலர் இல்லை. இதற்குச் சீனக் கடனே காரணம் என்று பலரும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல. கடனில் பெரும்பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது வந்த 112 கோடி டாலரும் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை; அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. வரியைக் குறைத்தது, வருமானம் தராத திட்டங்களுக்குக் கடன் வாங்கியது, ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடை செய்தது ஆகிய உள்நாட்டு முடிவுகளே வேர்.

அந்த நெருக்கடியில் முதலில் கை கொடுத்தது இந்தியா. சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டம் வந்தது. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையில் கடன் கொடுத்த நாடுகள் ஒரு மேசையிலும், சீன வங்கி தனி மேசையிலும் பேசின. இதே காலத்தில், சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வரலாமா கூடாதா என்று 2022 ஆகஸ்டில் கொழும்பு தவித்தது. ஒரு கட்டத்தில் வருகையைத் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு வரலாம் என்றது. இரு பக்கமும் முகம் சுளித்தன. 2024 முழுவதும் எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி இல்லை என்று ஒரு பொதுவிதி போட்ட பிறகே மூச்சு விட முடிந்தது. ஆளுக்கொரு பதில் சொல்வதை விட, எல்லோருக்கும் ஒரே விதி சொல்வது நடுத்தர நாட்டுக்குப் பாதுகாப்பானது.

இன்னொன்றும் நடந்தது. வாங்கிய எண்ணெய்க்கு ஈரானுக்குத் தர வேண்டிய 25.1 கோடி டாலர் கடனைத் தேயிலையாகத் தந்து கழிப்பது என்று 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. 1952இல் ரப்பருக்கு அரிசி. எழுபது ஆண்டு கழித்து எண்ணெய்க்குத் தேயிலை.

ஐந்து கேள்விகள்

இந்த வரலாற்றிலிருந்து, எந்த நடுத்தர நாடும் தன் வெளியுறவு வரிசையை அமைக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை இப்படித் தொகுக்கலாம்.

1. நம் மக்களின் சோறு, எரிபொருள், மருந்து, வேலை ஆகியவை எங்கிருந்து வருகின்றன? அந்த உறவுகளே வரிசையின் தலைப்பில் இருக்க வேண்டும். 1952இல் இருந்தன.

2. அண்டை நாடு எதைக் கண்டு அஞ்சுகிறது? அதை நெருக்கடிக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். 1987 இதைத்தான் கற்பித்தது. 2024 டிசம்பரில் அநுர குமார திசாநாயக்க முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லிக்கு வந்து, இலங்கை மண் இந்தியாவுக்கு எதிராகப் பயன்படாது என்று உறுதி கூறியதும், அடுத்த மாதமே பெய்ஜிங் சென்றதும் இந்தப் பாடத்தின் பலன்.

3. எந்த ஒரு துறையில் உலகம் நம் குரலைக் கேட்கும்? எல்லாவற்றிலும் பேசினால் எதிலும் கேட்க மாட்டார்கள். இலங்கைக்கு அது கடல்.

4. நம் கொள்கைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? மலையகத் தமிழரைப் போல, கேட்கப்படாத ஒரு கூட்டம் விலை கொடுத்தால் அது வெற்றி ஆகாது.

5. நம் குடிமக்களில் சிறுபான்மையினர் நம்மைப் பற்றி வெளியுலகில் என்ன சொல்வார்கள்? ஜெனீவாவில் ஒரு தூதர் ஆற்றும் உரையை விட, ஓட்டமாவடியில் ஒரு தாய் சொல்வதை உலகம் நம்பும்.

நமக்கு இதில் என்ன?

பாக் நீரிணையில் நம் மீனவர் கைதாகும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விகள் நம் கரையிலும் எழுகின்றன. 1974இல் டெல்லியும் கொழும்பும் கச்சத்தீவைப் பற்றி முடிவெடுத்தபோது ராமேசுவரம் மீனவரிடம் யாரும் கேட்கவில்லை. இன்று நம் இழுவை மடிப் படகுகள் கடலடியை வாரிச் செல்லும்போது, வலை கிழிந்து நிற்பவர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாழும் தமிழர், முஸ்லிம் மீனவர் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. இலங்கை 2017இல் இழுவை மடி மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது. இரு கரையின் மீனவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காமல் இரு தலைநகரங்கள் மட்டும் பேசித் தீர்க்கும் பிரச்சினை அல்ல இது. தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் தலைமுறை கடந்தும் குடியுரிமையின்றி வாழும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழரின் எதிர்காலமும் இதே வரிசையில் எங்கோ கீழே கிடக்கிறது. அதை மேலே கொண்டுவரும் பொறுப்பு நம் மக்கள் பிரதிநிதிகளுக்கும், அவர்களிடம் கேள்வி கேட்கும் நமக்கும் உண்டு.

அடுத்த முறை தேர்தல் மேடையில் ஒரு தலைவர் வெளிநாட்டு உறவைப் பற்றி முழங்கும்போது, எந்த நாட்டோடு நட்பு என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். நெசவாளருக்கா, பட்டுக்கூடு வளர்ப்பவருக்கா, மீனவருக்கா, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கா, யாருக்கு என்ன கிடைக்கும், அதற்கு யார் விலை கொடுப்பார் என்று கேட்போம். இலங்கை எழுபது ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் படித்தே தெரிந்துகொள்ளலாம்.